கோயிலுக்குள்ளே இருபத்தஞ்சு படகு

— கையெழுத்து போடத் தெரியாதுன்னு சொல்லல சாரு. போட மாட்டேன்னு சொன்னேன். ரெண்டும் வேற.

— பெரியவரே, ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டீங்கன்னா உங்க மேல இருக்கிற புகார் முடிஞ்சிடும். முகத்துவாரத்துப் பக்கம் போறதுக்கு அனுமதிச் சீட்டு இன்னிக்கே கைக்கு வந்துடும். இதுக்காகவே காட்டூர்லேர்ந்து வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு இந்தக் கோயில் வரைக்கும் வந்திருக்கேன்.

— காட்டூரா நீ? யாரு வூடு?

— அர்ஜுனன் மகன். பேரு தனசேகர். அப்பா நெல்லு போடறாரு. நான் கவர்மென்ட்ல இருக்கேன்.

— வெவசாயி புள்ள. அதான் இவ்ளோ பொறுமையா பேசற. போன வாரம் வந்தவன் வண்டிய வுட்டே எறங்கல. அமுதா, அந்தக் காயிதத்துல இன்னா எழுதிக்கீதுன்னு இன்னொரு வாட்டி படிம்மா. லோகநாதனுக்குப் படிப்பு மூணாங்கிளாஸோட முடிஞ்சிபோச்சு. எழுத்து தெரியும், அர்த்தம்தான் எப்பவும் இடிக்கும்.

— ரெண்டு வாட்டி படிச்சாச்சு மாமா. நான் இந்த வார்டுக்கு மெம்பரு. உங்க வூட்டு ரேடியோ பொட்டி இல்ல.

— மெம்பருன்னாலும் என் பொஞ்சாதி செல்வம்மாவோட அண்ணன் பொண்ணுதான. படி.

— "லோகநாதன் ஆகிய நான், சென்ற மாதம் கிராமக் கூட்டத்தில் அரசு வழங்கிய கருவியைப் பற்றிக் கூறியது முற்றிலும் பொய். மேற்படி கருவி வானிலை அறிவிப்புக்கும் ஆபத்துக் கால உதவிக்கும் மட்டுமே என்பதை அறிவேன். போர்ச் சூழலில் பொதுமக்களிடையே பீதி உண்டாக்கியதற்கு வருந்துகிறேன்." அவ்ளோதான்.

— அதுல "மட்டுமே"ன்னு ஒண்ணு வருது பாரு. அத்த அடிச்சுட்டுக் குடு, போடறேன்.

— அதை அடிக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல பெரியவரே.

— அப்ப அது ஒண்ணுதான் காயிதம். மிச்சமெல்லாம் அத்தச் சுத்தி மடிச்ச தாளு.

— மாமா, சும்மா வம்பு பண்ணாதீங்க. சார், அன்னிக்குக் கூட்டத்துல மாமா இன்னா பேசினாருன்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல மேல இருந்து சொன்னதை நம்பிக்கினு வந்துட்டீங்களா?

— பதிவைக் கேட்டேன். பாதிதான் இருந்துச்சு. சிரிப்புச் சத்தத்துல மீதி கேக்கல.

— அப்ப மீதிய நான் சொல்றேன், கேட்டுக்க. எல்லையில சண்டைன்னாங்க. கரையில வெளக்கு எரியக்கூடாதுன்னாங்க. சரின்னு அணைச்சோம். தோணியில பீடி பத்தவெச்சாக் கூட எதிரிக்குத் தெரியும்னாங்க. சரின்னு அத்தையும் வுட்டோம். மூணு வாரம் லோகநாதன் பீடி இல்லாம கெடந்தான். வூட்ல எப்படி வள்ளு வள்ளுன்னு வுழுந்தான்னு செல்வம்மாவக் கேளு. அப்பறம் ஜீப்புல வந்து ஆளுக்கொரு பொட்டி குடுத்தாங்க. சோப்பு டப்பா சைஸு. காத்து வந்தா சொல்லும், புயலு வந்தா சொல்லும், தோணியில கட்டிக்கோங்கன்னாங்க. அது தலையில இன்னா எரிஞ்சுது? பச்சை லைட்டு. பீடி நெருப்பு தெரியுமாம், இது தெரியாதாம்.

— அதுக்குத்தான் சார் கூட்டமே சிரிச்சுது. குடுக்க வந்த ஆபீசருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

— சிரிச்சு முடிச்சதும் ஒண்ணு கேட்டேன். இது எங்களுக்குச் சேதி சொல்லுதா, இல்ல எங்களப் பத்தி எங்கியாச்சும் சேதி சொல்லுதான்னேன். இல்லன்னு சொல்லியிருக்கலாம். ஆமான்னு சொல்லியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். அந்த மனுஷன் ரெண்டும் சொல்லல. சண்டை நேரத்துல இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேக்கக்கூடாதுன்னாரு. உன் பேரு இன்னான்னு கேட்டு நோட்டுல எழுதிக்கினாரு. நான் கேட்டதுக்குப் பதிலு அந்த நோட்டுலதான் கீதுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு.

— அதோட விட்டிருக்கலாமே. எதுக்கு வாட்ஸ்அப்ல பரப்பினீங்க?

— என்கிட்ட போனே இல்ல நைனா. நம்ம ஊருப் பையன் மணிகண்டன் நான் பேசறதப் போன்ல புடிச்சு எவனுக்கோ அனுப்பினான். அவன் இன்னொருத்தனுக்கு. திருப்பாலைவனத்துல டீக்கடையில என் தொண்டையக் கேட்டுட்டு செல்வம்மாவோட தங்கச்சி அழுதுகினே பஸ் ஏறி வந்துச்சு, மாமாவ எப்பப் புடிச்சிக்கினு போனாங்கன்னு. நான் இங்க குந்திக்கினு கஞ்சி குடிச்சிக்கினு இருக்கேன்.

— அந்தப் பேச்சுக்கு உங்க ஆபீசு நோட்டீஸ் வந்ததும் ஊர்ப் பெரியவங்க பயந்துட்டாங்க சார். அனுமதிச் சீட்டு இல்லாத ஆளுக்கு எதுக்குப் பாடுன்னு மாமா பேரை குலுக்கல்லேர்ந்து அடிச்சுட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் குலுக்கல். நீங்க புகாரை முடிச்சாத்தான் எல்லாருக்கும் கடைசியாவாவது மாமா பேரைச் சேப்பாங்க. இல்லன்னா இந்த எறால் பருவம் முழுக்க மாமா கரையில குந்திக்கினு காக்கா ஓட்டணும். அதான் நானும் கையெழுத்து போடுங்கன்னு கெஞ்சறேன்.

— பாடுன்னா என்னம்மா?

— வெவசாயி புள்ளைக்கு நான் சொல்றேன். உங்க ஊர்ல வாய்க்கா தண்ணிக்கு முறை வெப்பீங்க இல்ல, இன்னிக்கு இவன், நாளைக்கு அவன்னு? அத்தமாதிரி. ஏரியில எறால் ஓடுற வழி கொஞ்சம்தான். அங்க எவன் என்னிக்கு வலை கட்டறதுங்கற முறைக்குப் பேரு பாடு. பெரியவன் சின்னவன் கெடையாது. பானைதான் சொல்லணும். தோணிக்கு ஒரு அடையாளம் பானையில போட்டு, வாயைக் கட்டி, மூணு நாளு அம்மன் காலடியில வெச்சிடுவோம். அந்த மூணு நாளும் எவனும் ஏரியில எறங்கமாட்டான். நாலாம் நாளு உச்சியில அவுத்து ஒண்ணொண்ணா எடுப்போம். எது முதல்ல வருதோ அவனுக்கு முதல் பாடு.

— மூணு நாளா? எந்த மூணு நாளு?

— இன்னிக்கு நாலாம் நாளு. நீயே எண்ணிக்க. இன்னா சாரு, மூஞ்சி மாறிப்போச்சு?

— ஒண்ணுமில்ல. சும்மா ஒரு விசாரணை. வந்த எடத்துல அதையும் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க. இந்த மூணு நாள்ல நீங்க யாராவது படகைக் கரை மேல ஏத்தினீங்களா?

— எல்லாம் தண்ணியிலதான் கெடக்குது. வர்ற வழியில பாக்கலியா?

— பாத்தேன். அதான் புரியல. கோயில் பக்கம் எதையாவது கொண்டு வந்தீங்களா?

— எத்த?

— படகை.

— கோயிலுக்கா?

— அப்படி ஒரு தகவல்.

— யாரு குடுத்த தகவலு?

— அது என்னால சொல்றதுக்கு இல்ல.

— எங்கேர்ந்து வந்துச்சு?

— அதுவும்.

— நல்லா கீது நைனா. எத்தப் பத்திக் கேக்கறன்னு நீ சொல்ல மாட்ட. நான் மட்டும் பதிலு சொல்லணும். கண்ணக் கட்டிக்கினு நீ தேடு, நான் ஒளிஞ்சுக்கறேன்.

— சரி, நேராவே கேக்கறேன். இருபத்தஞ்சு படகு. மூணு நாளா இந்தக் கோயிலுக்குள்ள நிக்குது. அம்மன் சிலைக்கு அஞ்சடி தள்ளி. ஒரு அங்குலம்கூட நகரல. எப்படி?

— சார், கோயில் வாசலே அம்மாஞ்சிறுசு. ஆளே குனிஞ்சுதான் வரணும்.

— தெரியும்மா. இப்பதான இடிச்சுக்கிட்டு வந்தேன்.

— இன்னொண்ணு, இருபத்தஞ்சு இல்ல சார், இருபத்தி நாலு. பொட்டி வாங்கினது இருபத்தி நாலு பேருதான். மாமா வாங்கல. நான்தான் ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கினேன்.

— திரையில இருபத்தஞ்சு காட்டுதும்மா.

— மிஷின்தான சார். தப்பாக் காட்டும். அத்த வுடுங்க.

— அமுதா, நீ எத்தையும் வுடாத. சாரு இப்ப இன்னா சொன்னாரு?

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொன்ன நைனா. திரையில காட்டுதுன்ன. எத்தக் காட்டுது? காத்தக் காட்டுதா? புயலக் காட்டுதா? படகு எங்க நிக்குதுன்னு அஞ்சடி துல்லியமா காட்டுதுன்ன. வார்டு மெம்பரு சாட்சி, அம்மன் சாட்சி.

— அப்ப அது படகு நிக்கிற எடத்தையா சார் காட்டுது?

— ஆமாம்மா, காட்டுது. எங்க கன்ட்ரோல் ரூமுல மூணு நாளா யாரும் வீட்டுக்குப் போகல. தண்ணியில இருக்க வேண்டிய புள்ளியெல்லாம் திடீர்னு ஊருக்குள்ள போய் ஒரே எடத்துல குவிஞ்சு நிக்குது. படகைப் போட்டுட்டு ஊரே கூடிப் போராட்டம் பண்றாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. எதிரிக்குப் பயந்து ஓடிட்டாங்கன்னு இன்னொருத்தர். கோயிலுக்கு அடியில சுரங்கம் இருந்தா என்ன பண்றதுன்னு ஒரு பெரிய அதிகாரி கேக்கறாரு.

— எங்க ஊர்ல ரெண்டடி தோண்டினா உப்புத்தண்ணி. சுரங்கத்துல நீச்சலடிச்சுத்தான் போவணும்.

— சிரிக்காதீங்க பெரியவரே. அவரு நெசமாவே வரைபடம் கேட்டாரு.

— மாமா, எனக்கு இப்பதான் உறைக்குது. பானை.

— ஆமா, பானை. சாரு, அதோ அம்மன் காலடியில மஞ்சத்துணி கட்டி ஒண்ணு கீது பாரு. உன் இருபத்தஞ்சு படகும் அதுக்குள்ளதான் நிக்குது.

— பொட்டியையா குலுக்கல்ல போட்டீங்க?

— தோணிக்கு ஒரு அடையாளம் போடணுமே. ஒவ்வொண்ணு மேலயும் நம்பரு அச்சடிச்சுக் குடுத்தது நீங்கதான.

— சார், அது உள்ள மின்னி மின்னி எரியுதா, துணி மேல பச்சையாத் தெரிஞ்சுது. ஜமுனா அக்கா கோலம் போட வந்தவங்க பாத்துட்டு, அம்மன் பானையில கண்ணு தொறந்துட்டான்னு கற்பூரம் ஏத்திட்டாங்க. பக்கத்தூரு தோணிரேவுலேர்ந்து கூட ஆளு வந்து கும்பிட்டுட்டுப் போச்சு. உங்க ஆபீசு பொட்டிக்கு மூணு நாளா பூசை நடக்குது.

— அய்யோ. உடனே வெளிய எடுத்து அவங்கவங்க படகுல கட்டச் சொல்லுங்க. நான் அவுக்கறேன்.

— தொடாத. கைய எடு. கட்டின பானைய உச்சி வேளைக்கு முன்னாடி அம்மன் நெனச்சாக் கூட அவுக்க முடியாது. யாரோடது உள்ள கீதுன்னு எட்டிப் பாக்கக்கூடாது. எதுக்குப் போட்டன்னு கேக்கக்கூடாது. உள்ள போனது உள்ள போனதுதான். ஊர்ப் பெரியவங்க ஒண்ணா நின்னு சொன்னாலும் ஒண்ணக் கூட வெளிய எடுக்க முடியாது. ரகசியம்னா உங்களுக்கு மட்டும்தானா?

— சரி, சரி, தொடல. யப்பா, எனக்கு இப்பதான் மூச்சே வருது. போராட்டமும் இல்ல, சுரங்கமும் இல்ல. படிக்காத ஜனங்க தெரியாமப் பண்ண தப்பு. அவ்ளோதான்.

— நான் பி.காம். சார்.

— உங்களச் சொல்லலம்மா. அப்படியே எழுதிக் குடுத்துடறேன். குலுக்கல் பானையில வெச்சதால கருவிகள் இருப்பிடத்தைத் தவறாகக் காட்டுச்சுன்னு.

— எழுது. எழுதிட்டு என் காயிதத்தையும் அதுங்கூடவே வெய்யி. ஒண்ணுல பொட்டி எடத்தக் காட்டுதுங்கற. இன்னொண்ணுல அது காத்து மழைக்கு மட்டுமேன்னு லோகநாதன் ஒத்துக்கினான்ங்கற. ரெண்டையும் கொண்டாந்தவன் நீதான். மேல கேட்டா எது பொய்யின்னு சொல்லுவ?

— பெரியவரே, கெட்ட எண்ணத்துல யாரும் செய்யல. சண்டை நேரம். கடல்ல எது நம்ம படகு, எது வேத்துப் படகுன்னு தெரியணும். அதை வெளிய சொன்னா எதிரி உஷாராயிடுவான்.

— எதிரிக்குச் சொல்லாத. தோணியில குந்திக்கினு இருக்கறவனுக்குச் சொல்லு. நான் எங்க கீறேன்னு உனக்குத் தெரியலாம், தப்பில்ல. உனக்குத் தெரியும்ங்கறது எனக்குத் தெரியக்கூடாதா?

— சொன்னா யாரு வாங்குவாங்க பெரியவரே?

— அன்னிக்கே வந்து, தபாருங்கப்பா, நீங்க எங்க கீறீங்கன்னு இது எங்களுக்குச் சொல்லும், சண்டை முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்குவோம், வாணுமா வாணாமான்னு கேட்டிருந்தா பாதிப் பேரு அப்பவே வாங்கியிருப்பான். மீதிப் பேரு ரெண்டு நாளு உங்கள வாய்க்கு வந்தபடி ஏசிட்டு வாங்கியிருப்பான். மூடி மறைச்சுக் குடுத்துட்டு, கேட்டவன் பேர எழுதிக்கினு போனா? எனக்கு எதிரி யாருன்னு சந்தேகமே வந்துபோச்சு.

— நீங்க வாங்கியிருப்பீங்களா?

— அத்த நீ கேக்க வரல. பொய்யின்னு கையெழுத்து வாங்கத்தான் வந்த.

— அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்கம்மா.

— இன்னா சார், மடிச்சுப் பையில வெச்சுக்கறீங்க?

— நான் வந்தேன். பெரியவரு வீட்ல இல்ல. புகாருக்கு ஆதாரம் இல்லன்னு எழுதி முடிச்சுடறேன். அனுமதிச் சீட்டை நானே நாளைக்குக் கொண்டு வந்து தர்றேன். பானை சமாச்சாரத்துக்கு ஏதாவது கோளாறுன்னு எழுதிக்கலாம். ஆனா நான் பேசினது இந்தக் கோயிலோட போகட்டும்.

— போவாது சார். மன்னிச்சுக்கோங்க. மத்தியானம் ஊரே இங்க வந்து உக்காரும். பொட்டிய வாங்கிக்கோங்கன்னு வூடு வூடா ஏறி எறங்கினது நான். காத்து மழைக்குன்னு என் வாயாலதான் சொன்னேன். மாமாவக் கூடக் கூட்டத்துல நான்தான் உக்காருங்கன்னு அதட்டினேன். இப்ப இன்னான்னு அதே வாயால சொல்லியாவணும். தெரிஞ்சுக்கினு வெச்சுக்கறவங்க வெச்சுக்கட்டும். வாணாங்கறவங்க திருப்பிக் குடுக்கட்டும்.

— என் பேரு வரக்கூடாதும்மா. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குது.

— உங்க பேரு இன்னா சார்? எனக்கு மறந்தேபோச்சு.

— அப்படியே இருக்கட்டும். வரேன் பெரியவரே.

— வா நைனா. தலை, தலை, குனி. ஹூம். உள்ள வர்றப்பவும் இடிச்சுக்கறான், வெளிய போறப்பவும் இடிச்சுக்கறான். வாசலு எவ்ளோ ஒசரம்னு மட்டும் அவங்க திரையில தெரியாதாட்டம் கீது.

— போதும் மாமா, அந்தாளு நல்லவரு. இப்ப எனக்குப் பதிலு சொல்லுங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து பானையில சிப்பிதான போடுவோம். ஆளுக்கொரு சிப்பி, அதுல அவங்கவங்க வூட்டு வெட்டுக்குறி. இந்த வருஷம் சிப்பி வாணாம், பொட்டியப் போடுங்கன்னு கெளப்பிவுட்டது யாரு?

— பானை கட்டறது எங்க வூட்டு முறை. பேரத்தான் அடிச்சாங்க, அந்த வேலைய எடுக்கல. சிப்பியில எவன் வேணா வெட்டுக்குறி மாத்திப் போடலாம், நம்பரு போட்ட பொட்டின்னா கள்ளம் நடக்காதுன்னேன். ஊரே தலையாட்டுச்சு. நீதான் முதல்ல ஆட்டின.

— இப்படி ஒருத்தரு ஓடிவருவாருன்னு தெரிஞ்சேவா?

— தெரியாது. அதுக்குத்தான் போட்டுப் பாத்தேன். பொட்டி காத்த மட்டும்தான் சொல்லும்னா, மூணு நாளு பானையில கெடந்தாலும் எவனும் வரப்போறதில்ல. நாலாம் நாளு நானே நடந்து போயி, நான் பேசினது தப்புன்னு அந்தக் காயிதத்துல கையெழுத்து போட்டிருப்பேன். சத்தியமா. லோகநாதன் சந்தேகப்படுவான். பொய் சொல்ல மாட்டான்.

— அப்ப நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். திட்டக்கூடாது.

— சொல்லு.

— மிஷின் தப்பாக் காட்டும்னு அவர்கிட்ட சொன்னேன் பாருங்க, அது பொய்யி. மிஷின் சரிதான். மொத்தம் இருபத்தஞ்சு பொட்டி வந்துச்சு. நீங்க வாணாம்னு கத்திட்டுப் போன அன்னிக்கே செல்வம்மா அத்தை கமுக்கமா வந்து உங்களுத வாங்கிக்கினு போனாங்க. ரிஜிஸ்டர்ல எழுதாத, மாமா காதுக்குப் போச்சுன்னா ஏரியில கடாசிடும்னு கையப் புடிச்சுக்கினாங்க. உங்க தோணியில முன்பலகைக்கு அடியில, பழைய வலைத்துண்டுல சுத்தி வெச்சிருக்காங்க. ஊரெல்லாம் பொட்டிய ஏசிக்கினே ஒரு மாசமா நீங்க அதோடதான் ஏரிக்குப் போயிட்டு வர்றீங்க.

— ம்.

— இன்னா ம்? கோவம் வர்லியா?

— வரல. மேல சொல்லு.

— மேல எனக்கே புரியல. அத்தை இந்த நாலு நாளா கோயில் பக்கமே வரல. தோணியில இருக்க வேண்டிய பொட்டி பானைக்குள்ள எப்படி வந்துச்சு? மாமா, பானை கட்டினது நீங்க.

— பெரியவங்க என் பேரச் சீட்டுலேர்ந்துதான அடிச்சாங்க. பானைக்குள்ள போனத அவங்களால எடுக்க முடியாதில்ல.

— அப்ப அந்த ஆளு பேனாவ நீட்டிக்கினு கெஞ்சறப்பவே நீங்க குலுக்கல்ல இருந்தீங்களா? நான் வேற மடச்சி மாதிரி கையெழுத்து போடுங்க, கையெழுத்து போடுங்கன்னு... பொட்டி தோணியில இருக்கறது எப்பலேர்ந்து தெரியும்?

— அவ வெச்ச அன்னிக்கே. பச்சையா மின்னுறதப் பழைய வலைக்குள்ள மறைக்க முடியுமா? எதிரிக்கே தெரியும்போது எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சும் ஏன் கடாசல?

— ரெண்டு புயல்ல நான் வர்ற வரைக்கும் கரையில நின்னவ அவ. நான் எங்க கெடக்கறேன்னு தேடறதுக்கு எவனாச்சும் இருக்கட்டும்னு வெச்சிருக்கா. இருந்துட்டுப் போவட்டும். குலுக்கல் முடிஞ்சதும் அதே பலகைக்கு அடியில, அதே மாதிரி சுத்தி வெச்சிடுவேன்.

— மத்தியானம் நான் எல்லாத்தையும் சொல்லப்போறேன் மாமா. ஒண்ணையும் மறைக்க மாட்டேன்.

— சொல்லு. பொட்டி எல்லாத்தையும் காட்டுதுன்னு ஊருக்கே சொல்லு. எனக்குத் தெரியும்ங்கறத மட்டும் செல்வம்மாகிட்ட சொல்லிப்புடாத, அது ரகசியம்.